வத்தல் கடையும் தைத்த நெஞ்சும்

மிளகாய் வத்தல் மொத்த வியாபாரத்தில் இருக்கிறவனுக்கு நெஞ்சு எரிந்தால் கடையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். எரியவில்லை என்றால்தான் லாரி எங்கே போச்சு என்று விசாரிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் கடை. பூர்வீகம் நாஞ்சில் நாடு. இங்கே மலையாளத்தாருக்குத் தமிழ் பேசுகிற கடைக்காரன் எல்லாருமே அண்ணாச்சிதான். அப்படியே நானும் அண்ணாச்சி ஆகிவிட்டேன்; சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றாது. போன வருஷம் இந்த அண்ணாச்சிக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து இருதயத்தில் ஒட்டுப் போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் படுத்திருந்த காலத்தில் என் வீட்டுக்காரி செண்பகம் கல்லாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. வியாபாரம் அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

டாக்டர்கள் அவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்தார்கள். என் வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என்னைப்போல நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டு வந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை.

தலையணையோடு வந்த முதலாளி

இருமினாலும் தும்மினாலும் ஒரு தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள், தைத்த எலும்பு அதிராது என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித் தந்தாள். நல்ல யோசனைதான். டாக்டரும் கொஞ்ச நேரம் கடையில் போய் உட்காரலாம், தூசி பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். வத்தல் கடையில் தூசி இல்லாத பக்கம் எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பூப்போட்ட உறையோடு ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

உள்ளே நுழைந்து நாலு பேர் நலம் விசாரிப்பதற்குள் முதல் தும்மல் வந்துவிட்டது. அம்மாடி! நெஞ்சு ரெண்டாகப் பிளந்து கம்பி வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன். தலையணையை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் நடுக்கடையில் வாடிக்கைக்காரர்கள் பார்க்கச் சட்டைப் பித்தானை அவிழ்த்துக் குனிந்து பார்த்தேன். தழும்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எங்கள் கடைக்கு லோடு இறக்குகிற சுமட்டுத் தொழிலாளி சுரேந்திரன், தலையில் சாக்கோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். மலையாளத்துக்காரன், எங்களிடம் பேசிப் பேசி அவன் மொழி பாதி தமிழாகிவிட்டது. அவன் கேட்டான்: “எந்தா அண்ணாச்சி, தலையணை மட்டும் போதுமா? நாளைக்குப் பாயும் கொண்டு வாங்க, ஓரமா விரிச்சுத் தாறேன்.”

பருப்புக் கடைச் செய்தி

எங்களுக்கு ரெண்டு கடை தள்ளிப் பருப்பு வியாபாரம் செய்தவர் எனக்கு முன்னாலேயே இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். நான் பயந்துகொண்டிருந்தபோது என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையைத் திறந்து தன் தழும்பைக் காட்டித் தைரியம் சொல்லிவிட்டுப் போனவர். ஒரு நாள் நெடுமங்காட்டு வியாபாரி ஒருவர் வத்தலை ஒடித்து மோந்து பார்த்துக்கொண்டே, மழை பெய்தது என்று சொல்கிற குரலில் சொன்னார்: பருப்புக் கடைக்காரர் காலையில் போய்விட்டாராம்.

எனக்குக் கை விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சின் மேல் யாரோ ஒரு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எடுக்காமல் போனதுபோல வலி. செத்தேன் என்றுதான் நினைத்தேன். செண்பகம் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், காத்திருந்து மறுபடியும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. இவ்வளவு வலி வலிக்கிறது, ஒன்றுமில்லை என்றால் நான் என்ன நடிக்கிறேனா என்று எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், எங்கள் ஊர்த் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார்: “அண்ணாச்சி, இதைப் பாருங்க, உங்க ஹார்ட் தைரியமா இருக்கு; பேடிச்சிருக்கிறது நீங்கதான்.”

வாடிக்கைக்காரன்

அதற்கப்புறம் அந்த வலி என்னோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்தது. லாரி வரத் தாமதமானால் வலி. ரோட்டில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால் வலி. மகள் நித்யா கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் வழக்கமில்லாத நேரத்தில் போன் பண்ணினால், எடுத்து ஹலோ சொல்வதற்குள் வலி. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஈசிஜி. ஒவ்வொரு தடவையும் செண்பகம் கல்லாவைப் பூட்டிவிட்டு என் பின்னாலேயே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஒட்டினதில் ஒன்று அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம். அவளுக்கும் அதே பயம்தான்.

கேஷுவாலிட்டியில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்துபோனது. நர்ஸ் என் பெயரைக் கேட்பதில்லை. கட்டிலைப் பார்த்ததும் நானாகவே சட்டையைக் கழற்றிவிடுவேன். ஒரு நாள் வாசலில் இறங்கும்போது காவலாளி சக்கர நாற்காலியைப் பிடித்தபடி சிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்காக வத்தல் வாங்க வருகிறவர்களைப் பார்த்து நான் சிரிக்கிற அதே சிரிப்பு! அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இன்னைக்கு என்னா அண்ணாச்சி லேட்டு? நாற்காலி நேரத்தே எடுத்து வச்சாச்சு.”

கடிகாரம் கட்டிய கை

நித்யா பொறுக்க மாட்டாமல் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டாள். நாடித்துடிப்பு எவ்வளவு என்று அது காட்டும். கூடினால் கையில் நடுங்கி, கீ கீ என்று கத்தும். இது வந்தால் அப்பாவுக்கு நிம்மதி என்று அவள் நினைத்தாள். எனக்கு நிம்மதி போனது. அதைப் பார்த்தால் துடிப்பு ஏறும், ஏறினது தெரிந்தால் பயம் வரும், பயந்தால் இன்னும் ஏறும். சோறு சாப்பிடும்போதுகூட ஒரு வாய்க்கு ஒரு தடவை கையைத் திருப்பிப் பார்த்தேன். குழம்பு சட்டையில் கொட்டியது.

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்காரர்களுக்கு மீன் குழம்புச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற ஸ்டெல்லா எங்கள் பழைய வாடிக்கை. பேரம் பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்கு அவள் குரலை உயர்த்த, நானும் உயர்த்த, கடிகாரம் கீ கீ என்று கத்திவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா பயந்து நான் சொன்ன விலைக்கே சரி என்றாள். பிறகு என் கையைப் பிடித்து அந்தச் சாமானை உற்றுப் பார்த்தாள். அது என்ன செய்யும் என்று செண்பகம் சொன்னதும் அவளுக்கு வந்ததே கோபம்! “எங்க வீட்டு ஆம்பிளைங்க காத்து நாள்லே கடலுக்குப் போனா வள்ளம் திரும்பி வர்றது வரைக்கும் எங்களுக்கெல்லாம் நெஞ்சு இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும் அண்ணாச்சி, ஒருத்தியும் அதை மணிக்கட்டுலே கட்டி எண்ணிக்கிட்டு இருக்கிறதில்லே.”

எல்லாரும் சிரித்த வாரம்

ஆரியசாலையில் காலை நேரத்தில் யாரும் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. லாரியை ஒதுக்கவும் ஆளைத் திட்டவுமே நேரம் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட தெருவில் துலா மாசத்து மழை முடிந்த கையோடு ஒரு வாரம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். செண்பகம் சிரித்தாள். சுரேந்திரன் சிரித்தான். எதிர்க்கடைக்காரன், என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாதவன், அவனும் பல்லைக் காட்டினான். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. எனக்குப் புரிந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கிறது, என் நாள் முடிந்தது, எனக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். நெஞ்சுக்குள் மூட்டை வந்து இறங்கிவிட்டது.

அப்போது சுரேந்திரன் என்னைத் தாண்டிப் போனான். அவன் தலைத்துண்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. நனைந்த வத்தல். அதை நான் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். பிடித்து நிறுத்திக் கேட்டேன். பின்கட்டு கோடவுனில் மழைத்தண்ணீர் புகுந்து அடியில் கிடந்த சாக்கெல்லாம் நனைந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் என் உயிர் போய்விடும் என்று பயந்து, என்னைக் கண்டால் சிரித்தே ஆக வேண்டும் என்று செண்பகம் எல்லாரிடமும் சத்தியம் வாங்கி, சரக்கை மொட்டைமாடியில் ஏற்றி, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கித் தானே கிளறிக் காயவைத்திருக்கிறாள். முதுகு பிடித்துக்கொண்டது என்று அவள் ராத்திரி தைலம் தேய்த்த காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐயோ, நனைந்தது வத்தல்தானா, நான் சாகவில்லையா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலி போன இடம் தெரியவில்லை. சுரேந்திரன் துண்டை உதறிக்கொண்டே சொன்னான்: “எங்க யூனியன்லே ஸ்டிரைக்குக்குக்கூட இவ்வளவு ரகசியமா மீட்டிங் போட்டதில்லே, கேட்டோ.”

பெருமூச்சு வியாபாரம்

அந்தப் பெண் டாக்டர் ஒரு நாள் என்னையும் செண்பகத்தையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். ஆபரேஷன் ஆனவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்றார். பயம் வந்தால் மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது, நெஞ்சுச் சதை இறுகுகிறது, தைத்த இடம் வலிக்கிறது, வலித்ததும் பயம் கூடுகிறது. உட்கார்ந்து வயிற்றில் கை வைத்து மூச்சை மெள்ள இழுங்கள், இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள், எதிரே இருக்கிற பொருள்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள் என்று சொல்லித் தந்தார். கடிகாரத்தைக் கழற்றி மகளிடமே கொடுக்கச் சொன்னார். கூடவே விரலை ஆட்டி ஒன்று சொன்னார்: குளிர்ந்து வேர்த்தால், வலி தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ போனால், மயக்கமோ குமட்டலோ வந்தால், உட்கார்ந்து ஓய்ந்தும் விடவில்லை என்றால், அப்போது மூச்சும் வேண்டாம் யோசனையும் வேண்டாம், நேரே இங்கே வந்துவிட வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. ஆனால் அடுத்த தடவை வலி வந்தபோது கடை மூலையில் உட்கார்ந்து, தராசு, சாக்கு, கோணி ஊசி, சாமி படம் என்று முணுமுணுத்துக்கொண்டு நீளமாக மூச்சை விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது. எனக்குத் திடுக்கென்றது. மூச்சு விட்டாலே போகிற வலிக்கா இத்தனை ஆட்டோ, இத்தனை ஓட்டம்? அப்படியென்றால் நான் இத்தனை நாளும் பொய்யாகவா வலித்துக்கொண்டிருந்தேன்? அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் அழாத குறையாகக் கேட்டேன். அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “வலி பொய்யில்லை அண்ணாச்சி, அதுக்கு நீங்க நினைச்ச காரணம்தான் பொய்.”

இதில் ஒரே ஒரு தொந்தரவு. பேரம் பேசும் நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டால், அவர்கள் கேட்ட விலைக்கு நான் மனமொடிந்து போனதாகச் சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். பாலராமபுரத்துக்காரர் ஒருவர் என் மூன்றாவது மூச்சிலேயே எழுந்துவிட்டார். “போதும் அண்ணாச்சி, இதுக்கு மேலே ஒரு பெருமூச்சு விட்டீங்கன்னா பாவம் எனக்கு வந்து சேரும், நீங்க சொன்னதையே எழுதுங்க.”

நெடி

இனிமேல் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் முற்பகலில் ஆந்திரா லோடு வந்தது, சன்ன வத்தல், ஒன்று கூடுதலாகக் கிள்ளிப் போட்டால் வீட்டில் எல்லாரும் அழுகிற ஜாதி. இறக்கும்போது ஒரு சாக்கு தையல் விட்டு நடுக்கடையில் கொட்டிவிட்டது. நெடி கிளம்பியது. சுரேந்திரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். சரக்கெடுக்க வந்திருந்த ஸ்டெல்லா தும்மித் தும்மி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கல்லாவில் செண்பகம் மட்டும் அசையாமல் இருந்தாள். முகத்தில் வேர்வை வழிந்தது. ஒரு கை தாடையைப் பிடித்திருந்தது.

“என்னட்டி, என்ன செய்யுது?” என்றேன்.

“நெடி ஏறிட்டு. ஒண்ணுமில்ல, இப்பச் சரியாயிரும்” என்றாள்.

எங்கள் தொழிலில் உடம்புக்கு என்ன வந்தாலும் அது நெடிதான். வேர்த்தால் நெடி, கண் கலங்கினால் நெடி, தலை சுற்றினால் நெடி. மோரைக் கொடுத்துக் காற்றாட உட்காரவைப்போம், சரியாகிவிடும். ஸ்டெல்லா எழுந்து மோர் கொண்டுவந்தாள். செண்பகம் ஒரு வாய் குடித்துவிட்டுக் குமட்டினாள். நெடி ரொம்ப ஏறிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எல்லாரும் இருமுகிறோம், இவள் இருமவில்லை. நெடி ஏறின ஒருவர் இருமாமல் இருந்து நான் ஆயுசில் பார்த்ததில்லை. கையைத் தொட்டேன். ஜில்லென்று நனைந்திருந்தது.

“ஆட்டோ கூப்பிடுடே! சீக்கிரம்!” என்று கத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சுரேந்திரன் என் தோளை அமுக்கி உட்காரவைத்தான். பேடிக்கண்டா, பயப்படாதீங்க அண்ணாச்சி, சேச்சிக்கு வெறும் நெடி, மூச்சை மெதுவா விடுங்க என்று எனக்கே பாடம் சொன்னான். செண்பகம் குடித்து வைத்த மோரை ஸ்டெல்லா என் வாயில் ஊற்றப் பார்த்தாள். இவர்களையெல்லாம் தாண்டிச் செண்பகம் என்னைத்தான் பார்த்தாள். உங்களுக்கு வலிக்குதா என்றாள். எனக்குப் பகீரென்றது. இவளுக்கு வலி என்று சொன்னால் ஒருத்தரும் நம்பப் போவதில்லை, முக்கியமாக இவளே நம்பப் போவதில்லை. வருவது வரட்டும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “ஆமா, எனக்குத்தான் வலிக்குது, நீ கூட வா” என்றேன். அடுத்த நிமிஷம் ஆட்டோ வாசலில் நின்றது. அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஆட்டோக்காரன் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டான். அவள் என் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள். அவளுடைய இன்னொரு கை தாடையை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நாற்காலியோடு ஓடிவந்து என்னைப் பிடித்து அதில் உட்காரவைத்தான். எனக்கில்லை, எனக்கில்லை என்று நான் கத்தக் கத்த உள்ளே தள்ளிக்கொண்டு போனான். நர்ஸ் கட்டிலில் கிடத்திச் சட்டையைத் திறந்தாள். எனக்கு ஒன்றுமில்லை, அவளைப் பாருங்கள் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, கிடங்க அண்ணாச்சி என்று நெஞ்சில் ஒயரை ஒட்ட ஆரம்பித்தாள். கட்டில் ஓரத்தில் செண்பகம் என் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒயரையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டுக் குதித்து, அவளைத் தூக்காத குறையாக அந்தக் கட்டிலில் உட்காரவைத்தேன். எனக்கென்ன, அவரைப் பாருங்க என்று அவள் அப்போதும் இறங்கப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் டாக்டர் வந்துவிட்டார். என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். செண்பகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கையைப் பிடித்துப் பார்த்தார். ஈசிஜி காகிதம் மெஷினிலிருந்து வர வர அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அத்தனை தடவை என் காகிதத்தைப் பார்த்தபோது ஒரு தடவைகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஆட்கள் ஓடிவந்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் என்னைக் கதவருகே நிறுத்திச் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க அந்த நாற்காலியிலே உட்காருங்க, இன்னைக்குப் பேஷன்ட் நீங்க இல்லை.”

கதவுக்கு வெளியே, கதவுக்கு உள்ளே

கதவுக்கு வெளியே எனக்கு வலி வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் எங்கே ஓடுவது, ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறேன். வழியில் வந்த நர்ஸிடம் சொன்னேன். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள். நெருப்பணைக்கிற சிலிண்டர், குடிதண்ணீர்க் குழாய், பச்சைத் திரை, யாரோ மறந்துவிட்டுப் போன குடை என்று எதிரே இருந்ததையெல்லாம் பெயர் சொல்லி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். வலி இறங்கும், கதவு திறந்தால் ஏறும். கழக்கூட்டத்து ரோட்டு நெரிசலில் மாட்டி நித்யா வந்து சேர்ந்தபோது அடைப்பை எடுத்து உள்ளே ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் பார்க்க விட்டார்கள். சின்னதாகிப் போயிருந்தாள். கல்லாச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. நனைந்த வத்தலைக் காயவைத்த நாளிலிருந்தே படியேறினால் முதுகும் தாடையும் வலித்திருக்கிறது. நின்றால் விட்டுவிடுமாம், அதனால் நின்று நின்று ஏறியிருக்கிறாள். டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னதையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள்தான். அது எனக்காகச் சொன்னது என்று நினைத்தாளாம். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “ஏன் என்கிட்டே சொல்லல்ல?” என்று கேட்டேன். கோபமே இல்லாமல், கணக்குச் சொல்கிற குரலில் அவள் பதில் சொன்னாள்: “வீட்டிலே ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா இன்னொருத்தர் கல்லாவைப் பிடிக்கணும்லா? நீங்க நெஞ்சிலேருந்து கையை எடுக்கவே இல்லியே, நான் எப்பப் பிடிக்க?”

ஆகவே தோழர்களே, எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: ஒற்றைப்படை நாளில் பயப்படுவது நான், இரட்டைப்படை நாளில் பயப்படுவது அவள், நிஜமாகவே வேர்த்துக் கொட்டினால் மட்டும் நாள் பார்க்காமல் ஆட்டோ.